ஆவணிக்குக் காத்திருந்த வழக்கு

எங்கள் கண்டிக் கடைகளுக்கு வினையாக ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. அது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால் தப்பிக்கலாம். ஆனால் சில நாட்களுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். வியாபாரிகள் கூடிப் பேசினோம்.

"ஆடியில எதையும் தொடங்க வேணாங்க" என்றார் எங்கள் தலைவர். எல்லோரும் தலையாட்டினோம். அரசாங்கத்துக்கு ஏது ஆடி?

ஆவணி பிறந்ததும், கம்பளைச் சோதிடர் குறித்த நேரத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, யாழ்ப்பாணத்து வக்கீலிடம் போனோம். அதற்குள் சட்டமூலம் சட்டமாகியிருந்தது. நிறைவேறிய சட்டத்தில் இந்த நாட்டில் எந்த நீதிபதியும் கைவைக்க முடியாதாம்.

"இனி அவசரமில்லை, சட்டத்தை ஆறுதலா வாசியுங்கோ" என்றார் வக்கீல். "கீழ்ப்படியிறதுக்கு நாள் பார்க்கத் தேவையில்லை."