மட்டாஞ்சேரியிலிருந்து ஐலண்டுக்கு: கப்பலில் வந்த பெட்டியை எடுக்கப் போன கதை

கணவர் கல்ஃபிலிருந்து கப்பலில் பெட்டி அனுப்பி, அதைத் தனியாகப் போய் எடுக்கவேண்டியிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். போவதற்கு முன்னால் நானும் இணையத்தில் தேடினேன். ஏற்றுமதி இறக்குமதிக் கம்பெனிகளுக்கான சுங்க அறிவிப்புகள் பக்கம் பக்கமாக இருந்தன. எம்.காம். படித்திருக்கிறேன், படித்தால் புரிகிறது. ஆனால் இடுப்பில் குழந்தையோடு வருகிறவள் எந்த வாசலில் போய் நிற்கவேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை.

நான் போனது 2006 ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் ஜூனில் வந்திருந்தார். இந்தத் தடவை ஃபைனல் என்றார். பக்கத்து வீட்டு இத்தாவிடம், பால்காரரிடம், எல்லோரிடமும் நான் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் இருந்துவிட்டு, கம்பெனியில் செட்டில்மென்ட் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். அவர் போன பிறகுதான் பெட்டி வந்து சேர்ந்தது.

இதில் ஒரு விதி இருக்கிறது. இரண்டு வருஷமாவது வெளிநாட்டில் இருந்துவிட்டு, இனி இங்கேயே தங்குவதற்கு வருகிறவர் கொண்டுவரும் வீட்டுச் சாமான்களுக்கு வரிச்சலுகை உண்டு. லீவுக்கு வந்து போகிறவருக்குக் கிடையாது. எங்கள் காகிதங்களில், சுங்கத்தில் பெட்டியை எடுத்துத் தரும் ஏஜென்ட் ஜோசேட்டன் முதல் வகை என்றுதான் எழுதியிருந்தார். என் கணவர்தான் அப்படி எழுதச் சொன்னாராம். அதைக் கேட்டபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. அரசாங்கத்துக் காகிதத்திலேயே வந்துவிட்டதே.

காலை ஒன்பதே காலுக்கு மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறினேன். டிக்கெட் இரண்டரை ரூபாய், குழந்தைக்கு இல்லை. கால் மணி நேரத்தில் ஐலண்ட், துறைமுகம் இருக்கும் தீவு. தோப்பும்படி சுற்றிச் சாலை வழியாகப் போனால் ஆறு கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் போட் ஆடும். நான் தூணை ஒரு கையாலும் மகளை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, பெட்டி நனைந்திருக்குமோ, காகிதம் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ, இத்தா வீட்டில் சாவி கொடுத்தேனா என்று ஒவ்வொன்றாகக் கவலைப்பட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குழந்தையின் அப்பா எங்கே என்று கேட்டார். வந்துகொண்டே இருக்கிறார் என்றேன்.

ஜெட்டியிலிருந்து ஆட்டோ பதினைந்து ரூபாய். சுங்க ஆபீஸ் வாசலில் ஜோசேட்டன் நின்றிருந்தார். “சேச்சி பேடிக்கண்டா, ஞான் உண்டல்லோ” என்றார், பயப்படவேண்டாமாம். முதல் தடங்கல் பாஸ்போர்ட். நான் கொண்டுபோனது நகல். அவர்கள் கேட்டது அசல். கணவர் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதத்தைக் காட்டி, ஜோசேட்டன் இரண்டு மேஜைக்கு நடந்து, எப்படியோ சரிக்கட்டினார். அதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. சாயா நாலு ரூபாய். குழந்தைக்குப் பாலை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

பெட்டியைக் கோடவுனில் நமக்கு முன்னால்தான் உடைப்பார்கள். அன்றைக்கு இருந்தது ஒரு பெண் அதிகாரி, ஐம்பது வயது இருக்கும். என் பேச்சைக் கேட்டதுமே, தன் வீடும் பாலக்காட்டுப் பக்கம்தான் என்று தமிழிலேயே பேச ஆரம்பித்தார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆள் வந்து கயிற்றை அறுத்து, பலகையைப் பெயர்த்து, சாமான்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தான். இரண்டு கம்பளி, பிளாஸ்டிக் உறை பிரிக்காதது. மிக்ஸி. டின்னர் செட். டி.வி. சாவி கொடுத்தால் ஓடும் முயல். எல்லாம் புதுசு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதிகாரி மட்டும் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். அடியில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று ஆளைக் கேட்டார். இல்லை.

“உன் வீட்டுக்காரர் ஒரேயடியா வந்தாச்சாம்மா?”

போனில் அவர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். செட்டில்மென்ட் வாங்கப் போயிருக்கிறார், வந்துவிடுவார்.

“எத்தனை வருஷமா நான் இந்தப் பெட்டியெல்லாம் பார்க்கறேன், கேட்டோ. ரூமைக் காலி பண்ணிட்டு வர்றவன் அவன் சோறு வச்ச குக்கரைக் கொண்டு வருவான். அயர்ன் பாக்ஸ், பழைய தலைகாணி, காது போன வாளிகூட வரும். இதுல அவர் தொட்ட சாமான் ஒண்ணு இருக்கா?”

ஜோசேட்டன் எனக்குக் கண்ணைக் காட்டினார். அப்போது என் மகள் மேஜையில் இருந்த ஒரு பையை இழுத்தாள். உள்ளேயிருந்து ஷூ விழுந்தது. சிவப்பு, பக்கவாட்டில் பூ. ஆள் பையைக் கவிழ்த்தான். அதே சிவப்பு, அதே பூ, மூன்று ஜோடி. ஒன்று அவள் காலுக்கு. ஒன்று அதைவிடப் பெரிது. மூன்றாவது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் காலுக்கு.

அதிகாரி அவற்றை வரிசையாக வைத்தார். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான், அப்போது இரண்டு வயது.

“இல்ல மேடம், லீவுக்குத்தான் வந்தார்” என்றேன்.

அதிகாரி, சலுகை கேட்ட காகிதத்தை அடித்துவிட்டு வேறு எழுதித் தரச் சொன்னார். அபராதமெல்லாம் போடவில்லை. “கொழந்தைக்குப் போட்டுப் பாரும்மா, சின்னது” என்றார். போட்டேன். சரியாக இருந்தது. ஜோசேட்டனுக்குத்தான் கோபம். ஒரே வார்த்தையில் வரியை வரவழைத்த முதல் கட்சிக்காரி நான்தானாம். “சத்யம் பறயான் ஏஜென்ட் எந்தினா சேச்சி?” என்றார், உண்மையைச் சொல்ல ஏஜென்ட் எதற்காம். பிறகு அவரே பாங்க்வரை வந்து வரி கட்ட உதவினார்.

ஏற்றுக்கூலி நூற்றைம்பது, மட்டாஞ்சேரிவரை டெம்போ இருநூறு. டிரைவர் பக்கத்தில் மகளை மடியில் வைத்து உட்கார்ந்து வந்தேன். பாலம் ஏறும்போது கல்ஃபிலிருந்து பெட்டி வந்திருக்கிறதே, ஆள் எப்போது என்று டிரைவர் கேட்டார். மழைக்கு மகளின் காலை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

இனி, போகிறவர்களுக்கு. காலையிலேயே போங்கள். முடிந்தால் அவர் இங்கே இருக்கும்போதே பெட்டி வரும்படி அனுப்பச் சொல்லுங்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருந்தால் பாதி அலைச்சல் இல்லை. விதிகள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகின்றன, நான் எழுதியதை நம்பாமல் போன வாரம் பெட்டி எடுத்தவரைக் கேளுங்கள். குழந்தையை யாரிடமாவது விட்டுப் போவது நல்லது. எனக்கு அப்படி யாரும் இல்லை, இத்தாவுக்கு அன்று ஆஸ்பத்திரி.

எந்த வகை, தங்க வந்தவரா லீவுக்கு வந்தவரா என்று உங்களிடமும் கேட்பார்கள். கவுண்டரில் கேட்பதற்கு முன்னால் வீட்டில் நீங்களே கேட்டுவிடுங்கள். நான் அந்த வெள்ளிக்கிழமைதான் போனில் கேட்டேன், அந்த மூன்றாவது ஷூவை மகள் எப்போது போடவேண்டும் என்று. லைன் நன்றாகத்தான் இருந்தது. அவர் அறையில் யாரோ அயர்ன் பாக்ஸை வைத்து எடுத்துத் துணி தேய்க்கும் சத்தம்கூடக் கேட்டது.