அகல டயர்

அந்த வருடம் எங்கள் அப்பா சரியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. அருள்புரத்தில் அவரும் சித்தப்பாவும் நடத்திய சின்ன பனியன் கம்பெனியில் பகல் ஷிப்ட் முடிந்தால் இரவு ஷிப்ட். இரண்டிலும் அப்பாதான் நின்றார். இது போதாதென்று, எங்களிடம் இருந்த மெஷின்களுக்குத் தாங்காத ஒரு வெளிநாட்டு ஆர்டரைச் சித்தப்பா பேசி வைத்திருந்தார். கோயம்புத்தூர் ஓட்டலில் தங்கியிருந்த அந்த வெளிநாட்டுக் கம்பெனி ஆள், மதியம் ரயிலேறுவதற்குள் சாம்பிளைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

அவ்வளவு பெரிய ஆர்டருக்குச் சின்னக் காரில் போய் இறங்கலாமா? சித்தப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. வேறு கார் வாங்க வழியில்லாததால், இருக்கிற காருக்கே பெரிய அலாய் வீலும் அகல டயரும் மாட்டிக்கொண்டு வந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

பல்லடம் தாண்டுவதற்குள்ளேயே லட்சணம் தெரிந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் வந்தது, வேகம் வரவில்லை. சாம்பிள் என்று சித்தப்பா ஏற்றியிருந்த அட்டைப்பெட்டிகளின் கனத்தில், திருப்பத்திலும் பள்ளத்திலும் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் கருகும் வாசம் அடித்தது. அப்பா ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினார். டவுன் பஸ்கூட எங்களை முந்திப் போனது; அதிலிருந்து ஒரு பையன் எனக்கு டாட்டா காட்டினான்.

“ஏனுங்ணா, இன்னுங் கொஞ்சம் வெரசாப் போங்க” என்றார் சித்தப்பா.

“சக்கரத்தத்தான மாத்துன தம்பி, இஞ்சின் அதேதான? அது எவ்வளவுதான் இழுக்கும்?”

அப்பா கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை.

ஓட்டல் வாசலில் வாட்ச்மேன், “அவிய அப்பவே போய்ட்டாங்களே” என்றார். ஸ்டேஷனுக்கு ஓடினோம், ரயிலும் போயிருந்தது. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போயிற்று. திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தார். படுத்த வேகத்தில் குறட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆர்டரைக் கோட்டை விட்டுவிட்டு மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வருகிறது? எழுப்பப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“தூங்கட்டும் உடு கண்ணு.”

ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் முகத்தில் கொஞ்சம்கூட வருத்தமில்லை. அன்று முழுக்க நான் அவளோடு பேசவே இல்லை.