அனானிக்குப் போட்ட பதில்

விவேக் நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் ஓனர் ரோசி ஆன்ட்டி மணிக்கணக்கில் தமிழ் பேசுவார். ஒரு வரி தமிழ் படிக்கத் தெரியாது. இந்த ஊரிலேயே பிறந்து கன்னட மீடியத்தில் படித்தவர். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த எனக்கு இந்த அதிசயம் இன்னும் பழகவில்லை. நான் வலைப்பதிவு எழுதும்போது பின்னால் வந்து நின்று திரையை வேடிக்கை பார்ப்பார்.

"இன்னாம்மா, பொழுதன்னிக்கும் பொட்டி முன்னாடியே குந்தினு கீறே? எனக்கும் படிச்சுக் காட்டேன்."

அன்று எழுதிய பதிவைப் படித்துக் காட்டினேன். ஐந்து வருடமாக ஆய்வகத்தில் எந்த முடிவுக்காக உயிரை விட்டேனோ, அதையே வெளிநாட்டுக் குழு ஒன்று முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டது. இனி என் தீசிஸுக்கு அது செல்லாக்காசு. கைடு, "ஹோக்லி பிடு" என்றார். போகட்டும் விடு என்று அவரால் சொல்ல முடிகிறது. என்னால் விட முடியவில்லை.

"திருடிக்கினு பூட்டானா? போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடு."

"திருடல ஆன்ட்டி. அவங்க முதல்ல முடிச்சிட்டாங்க."

"அப்ப நீயும் சீக்கிரமா முடிச்சிருக்கலாம் இல்ல?"

இந்த ஊரில் என் துக்கத்தை இப்படித்தான் புரிந்துகொண்டார்கள். பதிவுலகில் அப்படியில்லை. சிங்கப்பூர், டொராண்டோ, திருச்சி என்று எங்கெங்கோ இருந்து, என்னைப் போலவே ஆய்வில் மாட்டிக்கொண்டவர்கள் பின்னூட்டம் போட்டார்கள். புனைபெயரில் எழுதியதால் வெட்கமில்லாமல் அழ முடிந்தது. அருப்புக்கோட்டை வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. தாலுகா ஆபீசில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் என் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை எப்படி உடைப்பேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் வழக்கம்போல் சாப்பாட்டை விசாரித்தார்.

"உன் நன்றி கிடைச்சதும்மா" என்றார்.

"எந்த நன்றிப்பா?"

"சித்தப்பா மகன்தான் நீ எழுதுறதைக் காட்டினான். பேரை மாத்தினா எனக்குத் தெரியாதா? ப்ரௌசிங் சென்டர்ல உக்காந்து நானே டைப் அடிச்சேன். போனை வச்சுட்டுப் பாரு."

பதிவர்களான எங்களுக்கு ஒரு மரியாதை உண்டு: யார் பின்னூட்டம் போட்டாலும் பதில் போடாமல் விடக்கூடாது. அந்த வாரம் ஆறுதல்கள் குவிந்ததால், பாதியைப் படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் ஒரே வரியை ஒட்டிக்கொண்டே போயிருந்தேன். போனை வைத்துவிட்டுப் பக்கத்தை உருட்டிக்கொண்டே போனதில், பெயரில்லாமல் அனானியாக வந்த ஒன்று அகப்பட்டது. ஓர் எழுத்துப் பிழை இல்லை.

"பாப்பா, முன்பின் தெரியாதவர்களெல்லாம் உனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் ஏன் சொல்லவில்லை? பட்டம் வராவிட்டால் போகிறது. ஊருக்கு வந்துவிடு. இங்கே யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டோம்."

அதற்குக் கீழே என் பதில் இருந்தது.

"அனானி அவர்களே, தங்கள் வருகைக்கும் கருத்துக்கும் நன்றி. மீண்டும் வருக."