ரோசி அக்காவின் சீரகத் தண்ணீர்

வறுத்த சீரகத்தின் வாசனை எங்கே வந்தாலும் மற்றவர்களுக்குப் பசி எடுக்கும். எனக்கு இன்றைக்கும் பொறாமைதான் எடுக்கிறது.

அனகாபுத்தூரில் நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், பள்ளி அடிபம்பில் தண்ணீர் மஞ்சளாக வந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வாந்தி பேதியில் விழ, எங்கள் தெரு அம்மாக்கள் அந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு குழாய் கேட்டு நகராட்சி அலுவலகத்துக்கு வாரம் தவறாமல் நடந்தார்கள். குழாய் வரும்வரை, ஆளுக்கொரு நாள் லாரித் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து வகுப்புக்கு ஒரு குடம் கொண்டுவருவதென்று ஏற்பாடு. அதற்கு "மொறைத் தண்ணி" என்று பெயர்.

என் சிநேகிதி ஸ்டெல்லாவின் அம்மா ரோசி அக்கா, தன் முறையில் சீரகம் வறுத்துப் போடுவாள். அந்தக் குடம் மதியத்துக்குள் காலி. என் அம்மாவின் குடம் விறகுப் புகை நாற்றத்தோடு பாதிக்கு மேல் திரும்பி வரும். அதை அவள் இடுப்பில் சுமந்து வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. ஸ்டெல்லா தலையை நிமிர்த்திக்கொண்டு எல்லோருக்கும் டம்ளர் நீட்டுவது அதைவிடப் பொறுக்காது. ருசி கெடட்டும் என்று ஒருநாள் ரோசி அக்காவின் குடத்தில் இரண்டு சொம்பு அடிபம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

முதலில் குடித்தவள் ஸ்டெல்லா. மறுநாள் அவளுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது என்றார்கள். செத்துப்போய்விடுவாள் என்றே நினைத்து அம்மாவிடம் உளறிவிட்டேன். முதுகில் நாலு வைத்து, ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

"நான்தான் சரியா காய்ச்சலயோன்னு காலைலேர்ந்து அழுதுகினு கீறேன்" என்றாள் ரோசி அக்கா. என்னைக் கிட்டே இழுத்தாள். "இனிமே என் கொடத்துக்கு நீதான் காவல். ஒருத்தரையும் கிட்ட வுடக்கூடாது, இன்னா?"

திரும்பும் வழியில், தெருமுனை வந்ததும் அம்மா மெல்லக் கேட்டாள்: "ஏன்டி, அந்தம்மா எவ்ளோ சீரகம் போடுது, பாத்துக்கிறியா?"

ஸ்டெல்லா பிழைத்தாள், குழாயும் வந்தது. இன்று அந்தப் பள்ளியில் வடிகட்டும் இயந்திரம் இருக்கிறது; அடிபம்பும் இல்லை, குடங்களும் இல்லை, யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்கும் பிள்ளைகளும் இல்லை.

ஸ்டெல்லா அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். விளையாடிவிட்டு அங்கிருந்து வரும் என் மகள், நான் நீட்டும் டம்ளரைத் தள்ளிவிட்டுச் சொல்கிறாள்: "வேணாம்மா, ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்லயே குடிச்சிட்டேன். அதுதான் சூப்பரா இருக்கு."

நானும் சீரகம் வறுத்துத்தான் போடுகிறேன்.