தண்ணீர் ஊற்றக்கூடாத கப்

அன்று வியாழக்கிழமை. ஒன்றாம் வகுப்பு ஜன்னலோரம் இருந்த ஒரு பேப்பர் கப்பில் காராமணி முளைத்திருந்தது. முளைத்தால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது முளைக்கக்கூடாத கப். அதை முளைக்க வைத்தவள் நான். பழி ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்தது.

என் பெயர் லூர்துமேரி. லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு ஆயாவாக இருந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேலையை விட்டு நின்ற பிறகு ஒருநாள் சர்ச் வாசலில் மேபெல் மிஸ்ஸைப் பார்த்தேன். எங்கள் வகுப்பு டீச்சர். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர்.

"புதுசா ரெண்டு ஆயா வந்திருக்காங்க லூர்தம்மா. உங்களுக்குத் தெரிஞ்சத எழுதிக் குடுங்க" என்றார்.

"எனக்கு என்ன மிஸ் தெரியும்?"

"பேசத்தானே கூச்சம்? எழுதுறதுக்கு என்ன கூச்சம்? யாரும் உங்க மூஞ்சியப் பாக்கப் போறதில்ல."

அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் மிஸ் திருத்திக்கொள்வார்.

1. துடைப்பத்தில் கிழமை தெரியும்

எங்கள் வகுப்பில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு ஆக்டிவிட்டி. சுவரில் சார்ட் ஒட்டியிருக்கும். எனக்குச் சார்ட் வேண்டாம். சாயங்காலம் பெருக்கும்போது துடைப்பத்தில் வருவதை வைத்தே கிழமையைச் சொல்லிவிடுவேன்.

திங்கட்கிழமை என்றால் ரவை. தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுத்து எழுதுவார்கள். எழுதுவது பாதி, வாயில் போடுவது பாதி. அன்றைக்கே கூட்டாவிட்டால் மறுநாள் காலையில் எறும்பு பாடம் படித்துக்கொண்டிருக்கும். செவ்வாய்க்கிழமை புளியங்கொட்டை. பத்துப் பத்தாக எண்ணிக் கூறு வைக்க வேண்டும். பெஞ்சுக்கு அடியில் ஏழெட்டு கிடக்கும். ஒரு தரம் ஒரு பிள்ளையின் மூக்குக்குள் கிடைத்தது. புதன்கிழமை பெயின்ட். முப்பத்திரண்டு பிள்ளைகள், அறுபத்து நாலு கை. எல்லாவற்றையும் நான்தான் கழுவிவிடுவேன். கையை மட்டும் நீட்டினால் போதும், முகத்தைப் பார்க்காமலே பெயர் சொல்வேன். வியாழக்கிழமை மண், இலை, கூழாங்கல். சுற்றுச்சூழல் பாடம், அதை இ.வி.எஸ். என்பார்கள்.

வெள்ளிக்கிழமை துடைப்பத்தில் ஒன்றும் வராது. ஜமக்காளத்தை விரித்து எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். அந்த வாரத்தில் நடந்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். ஃப்ரைடே சர்க்கிள் என்று பெயர். பிள்ளைகள் வீட்டுச் சங்கதி எல்லாம் அன்று வெளியே வந்துவிடும்.

"எங்க அப்பா கேப்ல ஏ.சி. போட்டா தூக்கம் வருதுன்னு ஜன்னலத் தொறந்து வெச்சிக்கிட்டுப் பாட்டுப் பாடுறாரு மிஸ். உள்ள இருக்கிறவங்க கம்ப்ளெய்ன்ட் பண்ணிட்டாங்க" என்று ஒரு பிள்ளை சொன்னது. அதுதான் கீர்த்தனா. அவள் அப்பா எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றுக்கு கேப் ஓட்டினார். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என்னையும் உட்காரச் சொல்லி மிஸ் எத்தனையோ தரம் கூப்பிட்டார். "வேலை கெடக்கு மிஸ்" என்பேன். வேலை ஒன்றும் கிடக்காது.

2. முதல் நாள் இலைகள்

இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நான் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பது புரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்ததே ஒரு வியாழக்கிழமை. பிள்ளைகள் மைதானத்தில் பொறுக்கி வந்த இலைகளை வகுப்பின் மூலையில் பேப்பர் விரித்துக் காயவைத்திருந்தார்கள். சருகைக் கண்டால் பெருக்குவதுதானே என் வேலை? சுத்தமாகப் பெருக்கி அள்ளிக் கொட்டிவிட்டேன். மறுநாள் வகுப்பு முழுக்க அழுகை. மேபெல் மிஸ் சிரித்துவிட்டார். ஹெச்.எம். சிரிக்கவில்லை.

"பிள்ளைங்க வெச்ச சாமான ஆயாங்க தொடக்கூடாது. இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா உங்கள கிச்சன் பக்கம் மாத்திடுவேன்" என்றார்.

கிச்சன் வேலை ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் எனக்கு அந்த வகுப்பறை வேண்டும். என் அம்மா என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தித் தம்பியைப் பார்த்துக்கொள்ள வைத்தார். அதற்கப்புறம் போர்டு இருக்கிற ஒரு அறைக்குள் நான் இருந்தது இங்கேதான். ரவைத் தட்டைக் கழுவுவதற்கு முன்னால், யாரும் இல்லாதபோது, நானும் விரலால் ஒரு இங்கிலீஷ் எழுத்து எழுதிப் பார்ப்பேன். இதை மிஸ்ஸிடம்கூட நான் சொன்னதில்லை. இதைப் படிக்கும்போதுதான் தெரிந்துகொள்வார்.

3. மூன்று கப்

பல வருஷம் போனது. ஒரு வியாழக்கிழமை மிஸ் மூன்று பேப்பர் கப்பில் செம்மண் போட்டு காராமணி விதை ஊன்ற வைத்தார். ஒரு கப்புக்குத் தண்ணீரும் வெயிலும் உண்டு. இன்னொன்றுக்குத் தண்ணீர் உண்டு, ஆனால் இருட்டு பீரோவுக்குள் இருக்கும். மூன்றாவதுக்கு வெயில் மட்டும்தான், தண்ணீர் கிடையாது. எது முளைக்கிறது என்று அடுத்த வியாழக்கிழமை பார்க்க வேண்டும். ஒவ்வொரு கப்புக்கும் ஒரு பிள்ளை காவல்.

தண்ணீர் இல்லாத கப் கீர்த்தனாவுக்கு வந்தது. முதலில் உதட்டைப் பிதுக்கினாளாம்.

"எனக்கு மட்டும் ஏன் மிஸ் தண்ணி இல்ல?"

"உன்னோடதுதான் கஷ்டமான வேல. தண்ணி ஊத்துறது யார் வேணாலும் செய்யலாம். ஊத்தாமப் பாத்துக்கணும், அதுக்குத்தான் நல்ல ஆள் வேணும்."

இதெல்லாம் மிஸ் பிற்பாடு எனக்குச் சொன்னது. அந்த நேரத்தில் நான் பின்பக்கக் குழாயடியில் முந்தின நாள் பெயின்ட் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆக்டிவிட்டி என்று யாரையும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம்.

மறுநாள் பிள்ளைகள் போன பிறகு ஜன்னலில் இருந்த மணி பிளான்ட்டுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்தில் இரண்டு கப். ஒன்றில் ஈரம் இருந்தது. கீர்த்தனா பெயர் ஒட்டிய கப்பில் மண் வெடித்துக் கிடந்தது. பாவம், பிள்ளை மறந்துவிட்டது, திங்கட்கிழமை வந்து பார்த்து அழுமே என்று நினைத்தேன். அரை மக் ஊற்றினேன். திங்கள், செவ்வாய், புதன் சாயங்காலமும் ஊற்றினேன். காலை வெயிலில் மேல்மண் காய்ந்துவிடும். அதனால் பிள்ளைக்கும் தெரியவில்லை. அவளோ அந்த வாரம் முழுக்க, தண்ணீர் பாட்டிலோடு ஜன்னல் பக்கம் வந்தவர்களை எல்லாம் விரட்டிக்கொண்டிருந்தாள்.

4. வியாழக்கிழமை

நான் வாளியோடு கதவுக்கு வந்தபோது எல்லாப் பிள்ளைகளும் ஜன்னலைச் சுற்றி நின்றிருந்தார்கள். மிஸ் கையில் கீர்த்தனாவின் கப். மண்ணைப் பிளந்துகொண்டு இரண்டு இலை எட்டிப் பார்த்தது.

"மிஸ், இவ தண்ணி ஊத்திட்டா" என்றான் மஞ்சுநாத். கன்னடப் பையன், தமிழும் பேசுவான்.

"நான் ஊத்தல."

"சுள்ளு மிஸ், சுள்ளு." பொய்யைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவன் சொன்னதும் நாலு பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள்.

"நான் ஊத்தல மிஸ். காட் ப்ராமிஸ்."

மிஸ் திட்டவில்லை. குனிந்து, அவள் தோளைத் தொட்டு மெதுவாகத்தான் சொன்னார். "ஊத்தியிருந்தாப் பரவால்லடா. பாவமா இருந்துதா? சொல்லிடு, மிஸ் கோவிச்சுக்க மாட்டேன்."

"நான் ஊத்தல."

அடுத்த வாரத்துக்கு லைன் லீடர் முறை கீர்த்தனாவுடையது. பேட்ஜ் குத்திக்கொண்டு வரிசைக்கு முன்னால் நடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது பெரிய பதவி. "பொய் சொல்றவ லீடரா வேணாம் மிஸ்" என்று ஒரு குரல் வந்தது. "நாளைக்கு சர்க்கிள்ல பேசிக்கலாம்" என்று மிஸ் முடித்துவிட்டார்.

அது தண்ணீர் ஊற்றக்கூடாத கப் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாளியைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்தேன். இலை விஷயத்தில் ஹெச்.எம். அன்றைக்குச் சொன்னது திரும்பக் காதில் விழுந்தது. வாளியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

யு.கே.ஜி. ஆயா செல்வியிடம் குழாயடியில் சொன்னேன். அவளுக்கு வாய் ஜாஸ்தி, மனசு நல்லது.

"அக்கா, நீ வாயத் தொறக்காத. இலை மேட்டர ஹெச்.எம். இன்னும் மறக்கல. கொழந்தைங்க நாளைக்கே மறந்துடும்."

"அது மறக்குமா செல்வி?"

"எம் பையன் என் செயின ஜன்னல் வழியா வெளிய போட்டுட்டு அரை மணி நேரத்துல மறந்துட்டான். போக்கா."

5. வெள்ளிக்கிழமை

ஜமக்காளத்தை நான்தான் விரித்தேன். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் என் இடத்தில் நின்றேன்.

கீர்த்தனா முறை வந்தது. எழுந்து நின்றாள். பாவாடை ஓரத்தைச் சுருட்டினாள்.

"நான்தான் மிஸ் ஊத்துனேன்" என்றாள்.

மிஸ் முகம் மலர்ந்துவிட்டது. "குட் கேர்ள். உண்மையச் சொல்றதுக்கு எவ்ளோ தைரியம் வேணும். எல்லாரும் கை தட்டுங்க."

முப்பத்தொரு பிள்ளைகளும் கை தட்டினார்கள். மஞ்சுநாத் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினான். மிஸ் பேட்ஜை எடுத்து அவள் சட்டையில் குத்தினார். கீர்த்தனா பேட்ஜைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஜன்னலில் இருந்த கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கைதட்டலை என்னால் தாங்க முடியவில்லை. முந்தின நாள் அவள் உண்மையைச் சொன்னாள், பொய்க்காரி என்ற பேர்தான் மிச்சம். இன்றைக்குப் பொய் சொன்னாள், பேட்ஜ் கிடைத்துவிட்டது. ஒரு வாரம் முழுக்கப் பிள்ளை படித்த பாடம் இதுதான் என்றால் அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஜமக்காளத்துக்குள் போனேன். பேச்சு வரவில்லை. ஜன்னலில் இருந்த என் மக்கை எடுத்தேன், அந்தக் கப்புக்கு மேலே சாய்த்துக் காட்டினேன். அதற்கப்புறம்தான் குரல் வந்தது.

"நான்தாம்மா ஊத்துனேன். தெனமும் சாயங்காலம். இந்தப் புள்ள ஊத்தல. இது சொன்னதுதான் நெசம்."

மஞ்சுநாத் கையைத் தூக்கிக் கேட்டான்: "மிஸ், ஆயாம்மாவுக்கும் கை தட்டணுமா?"

"சும்மா இருடா" என்றார் மிஸ். அவர் கண் கலங்கியிருந்தது. நாற்காலியை விட்டு இறங்கி ஜமக்காளத்தில் கீர்த்தனாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நேத்து நீ சொன்னத மிஸ் நம்பல. தப்பு பண்ணிட்டேன். சாரிடா."

கீர்த்தனா தலையை ஆட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ ஏன் ஆயாம்மா நேத்தே சொல்லல?"

"பயமா இருந்துச்சு கண்ணு."

"எனக்கும்தான்" என்றாள். கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு அன்றுதான் முதல் தடவை சர்க்கிளில் உட்கார்ந்தேன்.

பள்ளி விட்டதும் நான் ஹெச்.எம். அறைக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே மேபெல் மிஸ் அங்கே இருந்தார். "என்ன ஆக்டிவிட்டின்னு ஆயாம்மாகிட்ட நான் சொல்லவே இல்ல மேடம். செடிக்குத் தண்ணி ஊத்துறது அவங்க வேல, அவங்க ஊத்துனாங்க. அவங்கள மாத்துறதா இருந்தா என்னையும் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹெச்.எம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இனிமே திங்கக்கிழம காலையிலயே வாரத்துக்கு என்னென்னன்னு கேட்டு வெச்சிக்கோங்க" என்றார். அவ்வளவுதான். நான் ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தேன்.

6. புது ஆயாக்களுக்கு

ஹெச்.எம். சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மிஸ்ஸிடம் போய், இந்த வாரம் என்னென்ன செய்யப் போகிறீர்கள், எதை நான் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று கேளுங்கள். எனக்குப் படிப்பு இல்லை, நான் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். வாடின செடி எல்லாம் மறந்துபோன செடி இல்லை. அந்த வகுப்பில் குப்பையாகத் தெரிவதும் பாதி பாடம்தான்.

இரண்டாவது, தப்பு உங்களுடையது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டால் அந்த ஒரு நாளுக்குள் உங்கள் தப்பை ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டுவிடும். பிள்ளைகள் அப்படித்தான், நாம் கீழே போட்டதை எல்லாம் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த வாரம் மூன்று கப்பையும் புதிதாக வைத்தார்கள். தண்ணீர் இல்லாத கப்புக்குக் காவல் திரும்பவும் கீர்த்தனாதான். தினமும் வீட்டுக்குப் போகும்போது என் கையிலிருந்து மக்கை வாங்கி மிஸ் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள். நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். "நம்பிக்கை இருக்கு ஆயாம்மா. இருந்தாலும்" என்றாள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை மண்ணைக் கொட்டிப் பார்த்தார்கள். போட்டது போட்டபடி விதை கிடந்தது. கீர்த்தனா அதைப் பாவாடையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்து, "நீயே வெச்சிக்கோ" என்றாள்.

இப்போது அவள் ஹைஸ்கூலுக்குப் போயிருப்பாள். அந்தக் காராமணி என் பட்டன் டப்பாவில் இருக்கிறது. இன்றுவரை அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விட்டதில்லை.