உள்ளே யாரும் இல்லை

வீட்டுவரி வசூலிக்க ஆள் வந்தால் தெருவே திடீரென்று ஊருக்குப் போய்விடும். உள்ளே மின்விசிறி சுற்றும், பால் பொங்கும். ஆள் மட்டும் இருக்காது. பழைய சட்டம் கண்ணியமானது. கதவைத் திறக்காவிட்டால் உடைக்கக் கூடாது; 'பூட்டியிருந்தது' என்று எழுதிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். நம் வரிக்காரர் பாதி ஆயுளை மூடிய கதவுகளிடம் பேசியே கழித்தவர். மனைவி காலமானபின் வீட்டிலும் அதே பேச்சுத்துணைதான். அவர் கதவை யாரும் தட்டுவதில்லை. அவருடைய வரியைத்தான் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்களே!

பதில் சொல்லும் கதவு ஒன்றே ஒன்றுதான். மாடி வீட்டு டெலிபோன் அம்மா, எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முகம் பார்க்காமல் பேசிப் பழகியவர்.

"உள்ளே யாரும் இல்லை, வரிக்காரரே."

"சரிங்க. இல்லாதவங்களுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லை. உங்க இருமல்?"

அவர் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வார். அரைமணி நேரம் அரசாங்க வேலை நடக்கும்.

அதற்குத்தான் சட்டமன்றம் வேட்டு வைத்தது. பாக்கி இருந்தால் இனிக் கதவை உடைக்கலாம், சாமானைத் தூக்கலாம். குரல் வாக்கெடுப்பு, கொட்டாவி விடும் நேரத்தில் முடிந்தது. அமலுக்கு வருவதற்கு முந்தின நாள் வரிக்காரர் அதே படியில் நின்று விஷயத்தைச் சொன்னார்.

"நாளையிலேர்ந்து நான் தட்ட வேண்டியதில்லைம்மா. பூட்டு உடைக்கிற ஆளு தட்டுவான், சுத்தியலால."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. குரலை வைத்து அவர் நினைத்திருந்ததைவிட அம்மா குள்ளம். கையில் ஒரு கவர்; பாக்கி முழுதும் சலவை நோட்டாக.

"காசு இருந்துச்சா?"

"எப்பவும் இருந்துச்சு. கட்டிட்டா நீங்க எதுக்குப் படியேறப் போறீங்க?"

வரிக்காரர் எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒரு சின்ன நோட்டை மட்டும் உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது செல்லாதும்மா. கிழிஞ்சிருக்கு."

"எங்கே கிழிஞ்சிருக்கு?"

"சட்டப்படி கிழிஞ்சிருக்கு."

ரசீதில் 'சிறு பாக்கி உண்டு' என்று எழுதினார். அந்தப் பாக்கிக்குச் சுத்தியல்காரனின் கூலி கட்டுபடியாகாது என்பது எந்த அதிகாரிக்கும் தெரியும்.

"அடுத்த மாசம் வந்து வாங்கிக்கிறேன்."

"வந்து பாருங்க. வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க," என்று டெலிபோன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே வரச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, கேட்க இவருக்கும் தெரியவில்லை.

வீடு திரும்பிய வரிக்காரர், பழக்கதோஷத்தில், பூட்டிய கதவை ஒருமுறை தட்டிவிட்டுத்தான் சாவியை எடுத்தார்.