கத்தியைக் கொடுக்காத குழந்தைவேலு

ரப்பர் விலை விழுந்த வருடம். மலாயாவில், சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிய குழந்தைவேலு யாரையும் லேசில் நம்பமாட்டான். கங்காணி தர்மலிங்கம் அவன் குடியிருந்த லயத்து வீட்டுக்கே வந்து சுருட்டை நீட்டித் தோளில் கை போட்டதும், அவன் சுருட்டை வாங்காமல் விலகி நின்றான்.

“ஆள் குறைக்கப் போறாங்கடா. அதுக்குள்ள நீயா கத்திய எங்கிட்ட குடுத்துடு. கப்பல் சீட்டு நான் பார்த்துக்கறேன்.”

“யோசிச்சுச் சொல்றேன் கங்காணியாரே.”

கங்காணி போனதும் பெண்சாதி காளியம்மா, “நல்லதுதானே சொல்றாரு?” என்றாள்.

“நெருப்புக்குச்சிகூட குடுக்காத ஆளு புள்ள. இன்னைக்கு என்ன திடீர்ப் பாசம்?”

மரத்தில் பால் வெட்டும் கத்தியைத் தன் கையால் திருப்பிக் கொடுத்தால், தானாக வேலையை விட்டதாகத் தோட்டத்தில் அர்த்தம். தோட்டம் நிறுத்திய ஆளுக்குத்தான் லேபர் ஆபீசில் அரிசியும், ஊருக்குக் கப்பலும். தானாக விட்டவனுக்கு ஒன்றும் கிடையாது, தோட்டத்துக்கும் செலவு மிச்சம். போன மாதம் பிச்சை என்பவன் கோபத்தில் கத்தியைக் கங்காணி காலடியில் எறிந்துவிட்டுப் போனான். இப்போது சுங்கைப் பட்டாணிக் கடைத்தெருவில் பிள்ளைகளோடு கையேந்துகிறான்.

கங்காணி வந்துபோன அன்றிலிருந்து கத்தி குழந்தைவேலுவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. சாணை பிடித்துத் தருகிறேன் என்று கங்காணியின் மச்சான் வந்தான், அவனிடமும் கொடுக்கவில்லை.

ஒருநாள் காலைப் பெரட்டுக் களத்தில், கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட, எல்லாருக்கும் அன்றைக்கு வெட்டவேண்டிய மர நிரையைப் பிரித்த கங்காணி இவனை மட்டும் விட்டுவிட்டார்.

“என் நிரை எது?”

“கத்தியக் குடுத்துட்டுப் போடா.”

“வேலை இல்லைன்னு சொல்லுங்க, குடுக்கறேன்.”

“முதல்ல குடு!”

“முதல்ல சொல்லுங்க!”

பால் வாளியோடு ஆட்கள் வரிசையில் நின்ற மருதம்மாள் சிரித்துவிட்டாள். “பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையா கங்காணி? வாயத் தொறக்க இவ்வளவு வெக்கமா?”

களமே சிரித்தது. கங்காணிக்கு முகம் கறுத்தது. “ஆமாண்டா! ஒனக்கு வேலை இல்ல, நிறுத்தியாச்சு! ஏய் மருதம்மா, ஒனக்கும்தான்!”

“கிராணி ஐயா, கேட்டீங்கள்ல?” என்றான் குழந்தைவேலு. கிராணி வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிய பிறகே கத்தி கைமாறியது.

மருதம்மாளும் அவனும் டவுனுக்கு நடந்தார்கள். “நீயா விட்டியா, நிறுத்தினாங்களா?” என்று ஆபீசில் கேட்டார்கள். அவன் வாய் திறக்குமுன் மருதம்மாள் கங்காணியின் குரலிலேயே நடந்ததைச் சொல்லிவிட்டாள். அரிசி அளந்து போட்டார்கள். குழந்தைவேலு குனிந்து, ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, சாக்கைக் கட்டினான்.

“கப்பலுக்கு அடுத்த மாசம் வா” என்றார் ஆபீஸ்காரர்.

“எதுக்குங்க வந்து போயிக்கிட்டு?” சாக்கின் மேலேயே உட்கார்ந்தான். “மருதம்மா, காளியம்மாகிட்டப் போயி பாய் சட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு இங்க வரச் சொல்லு.”